மல்லாட்டை விவசாயிக்கு வேண்டியது இன்னொரு பயிற்சி முகாம் அல்ல

ஆடி பிறக்கும் முன்பே வேளாண்மை விரிவாக்க மையங்களில் மல்லாட்டைக்கான, அதாவது நிலக்கடலைக்கான, அறிவுரைப் பட்டியல் தயாராகிவிடுகிறது. கோடை உழவு செய்யுங்கள், சான்று விதை வாங்குங்கள், கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள், வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விடுங்கள், 45ஆம் நாளுக்குள் ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். இதில் ஒரு வரிகூடத் தவறில்லை. திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் பல்லாண்டு உழைத்த உழைப்பு இதற்குள் இருக்கிறது. ஆனாலும் விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதை முழுக்கக் கடைப்பிடிக்கும் சிறு விவசாயியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விழிப்புணர்வு போதவில்லை என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆகவே இன்னொரு முகாம், இன்னொரு துண்டறிக்கை, இன்னொரு செயல்விளக்கத் திடல். நோயைத் தவறாகக் கணித்துவிட்டு மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பரிந்துரைகள் விவசாயியின் கையில் காசில்லாத நாளில் காசு கேட்கின்றன, ஆள் கிடைக்காத நாளில் ஆள் கேட்கின்றன. பலனோ மழையையும் மண்டியையும் பொறுத்தது. நடுவில் நட்டம் வந்தால் அதை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை.

விதையிலிருந்தே பார்ப்போம், சிக்கலில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது. 30-க்கு 10 இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடிகள் நிற்கும். ஏக்கருக்கு 1.33 லட்சம் செடிகள், அத்தனைக்கும் ஆளுக்கொரு பருப்பு. சிறு பருப்பு ரகமானால்கூட ஏக்கருக்கு 50 கிலோ வேண்டும். பருப்பு திரண்ட ரகங்களுக்கு இன்னும் கூடும். திருந்திய நெல் சாகுபடிக்கு ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் காய்க்கு 7,263 ரூபாய். நூறு கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு தேறும் என்று கொண்டால், 50 கிலோ பருப்பின் மதிப்பு ஆதரவு விலைக் கணக்கிலேயே 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. விதைக்கென்று பொறுக்கி எடுத்ததற்கு விலை அதற்கும் மேலே. உழவுக் கூலி, உரம், களையெடுப்பு எதுவும் இதில் சேரவில்லை. மழை வருமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், முதல் நாளே மண்ணுக்குள் போடும் பணம் இது. முளைப்பு தவறினால் மறுவிதைப்புக்கு மறுபடியும் இதே தொகை. காக்கையும் மயிலும் காட்டுப்பன்றியும் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கணக்கில் சேர்க்க எந்தத் துண்டறிக்கைக்கும் மனம் வருவதில்லை.

காசு இருந்தாலும் புது ரகத்தின் விதை கிடைப்பது அடுத்த பாடு. கடலை மெல்லப் பெருகும் பயிர். ஒரு பங்கு விதைத்தால் எட்டுப் பங்கோ பத்துப் பங்கோதான் விதையாகத் திரும்பி வரும். எட்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 1 டன் வல்லுநர் விதை ஒரு பருவம் கழித்து 8 டன் ஆதார விதையாகும். அடுத்த பருவத்தில் 64 டன் சான்று விதையாகும். எதுவும் வீணாகாமல் அத்தனையும் விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தாலும் அது 1,280 ஏக்கருக்குத்தான் வரும். சில ஊர்களின் கடலை நிலத்தோடு சரி. இவ்வளவு பாரமான, இவ்வளவு மெல்லப் பெருகும், விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய விதையில் லாபம் இல்லை என்பதால், வீரிய ஒட்டு மக்காச்சோளத்தையும் பருத்தியையும் விற்க ஊர் ஊராக வரும் விதைக் கம்பெனிகள் கடலைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. புது ரகம் வெளியீட்டு விழாவில் அறிமுகமாவதற்கும் ஒரு சிறு விவசாயியின் வயலுக்கு வருவதற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. 1940இல் திண்டிவனம் வெளியிட்ட டிஎம்வி 2 ரகம், எத்தனையோ புது ரகங்கள் வந்த பிறகும் ஆந்திர, கர்நாடக வறண்ட மாவட்டங்களில் பல பத்தாண்டுகள் விடாமல் விதைக்கப்பட்டது. அதை விவசாயியின் பழமைப்பிடிப்பு என்று எழுதியவர்கள் உண்டு. வாங்கக் கிடைத்த விதையை வாங்கினார்கள் என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

போன அறுவடையில் எடுத்து வைத்ததையே விதைக்கலாமே என்றால் அதற்கும் தடை உண்டு. எண்ணெய்ச் சத்து மிகுந்த பருப்பு நாளாக ஆக முளைப்புத் திறனை இழக்கும். ஆடிப்பட்டத்தில் விளைந்ததை அடுத்த ஆடி வரை காப்பது கடினம். அதனால்தான் கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் மார்கழிப் பட்டத்தில் போட்டு எடுக்கும் காய், அடுத்து வரும் ஆடிக்கு மானாவாரிக்காரர்களின் விதையாகிறது. எந்தத் திட்டத்திலும் எழுதப்படாத ஓர் உறவுச் சங்கிலி இது. காசில்லாதவர் வியாபாரியிடம் விதையைக் கடனாக வாங்குகிறார். விளைந்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போடுகிறார். விதைக்காயை உடைப்பது இன்னொரு வேலை. இயந்திரத்தில் உடைத்தால் தோல் உரிந்து, முளைக்குருத்து அடிபட்டு, முளைப்பு குறையும். கையால் உடைக்க வேண்டும். சுருங்கியதையும் பிளந்ததையும் தள்ள வேண்டும். வீட்டுப் பெண்கள் இரவு நேரங்களில் உட்கார்ந்து நாள்கணக்கில் செய்யும் வேலை இது. களையெடுப்பதும் காய் ஆய்வதும்கூட அவர்கள்தான். முகாமுக்கு அழைப்பு வருவது மட்டும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு.

அடுத்தது அந்த 45ஆம் நாள். கடலைச் செடியில் பூ வாடியதும் ஊசி போன்ற விழுது ஒன்று கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் துளைத்து இறங்கும். அதன் நுனிதான் காயாகும். மண்ணுக்குள் போன காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாகப் பெறுவது மிகக் குறைவு. தன்னைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து ஓட்டின் வழியே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சத்து கிடைக்காவிட்டால் ஓடு தடித்திருக்கும், உள்ளே பொக்கு. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடி ஓரமாக இட்டு, கொத்தி, மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். அறிவியல் அப்பழுக்கற்றது. ஆனால் ஜிப்சம் கரைய மண்ணில் ஈரம் வேண்டும். மானாவாரி நிலத்தில் அந்த ஈரம் 35ஆம் நாள் வரலாம், 55ஆம் நாள் வரலாம், வராமலே போகலாம். விழுது இறங்கிய பிறகு கொத்தினால் காய்ப்பிடிப்பே கெடும். ஆக, மழை பெய்து முடித்த மூன்று நான்கு நாள்களுக்குள் ஜிப்சம் வீட்டில் இருக்க வேண்டும், கூலி ஆள் இருக்க வேண்டும், கூலிக்குக் காசும் இருக்க வேண்டும். அதே மழை பக்கத்து வயலிலும் பெய்திருப்பதால் ஊரில் எல்லாருக்கும் அதே நாளில் ஆள் தேவைப்படுகிறது. ஆள் பஞ்சத்துக்கு நூறு நாள் வேலையைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கூலி போய்ச் சேரும் வீடுகளில் பல, இரண்டு ஏக்கர் கடலை போட்ட வீடுகள்தான் என்பதைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சில பரிந்துரைகளைத் தனி ஒருவர் கடைப்பிடித்துப் பயனே இல்லை. சிவப்புக் கம்பளிப்புழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது கனமழை பெய்ததும் அந்துப்பூச்சியாக வெளிவரும். அது இடும் முட்டையிலிருந்து பொரிந்த புழுக்கள் வளர்ந்து ஒரு வயலைத் தின்று முடித்து அடுத்த வயலுக்குக் கூட்டமாக நகரும். கோடையில் உழுது கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது, மழைக்குப் பின் விளக்குப்பொறி வைத்தோ தீ மூட்டியோ அந்துப்பூச்சியை அழிப்பது, வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவது என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் செய்தால்தான் அவை பலிக்கும். தன் வயலில் மட்டும் விளக்கு வைத்தவருக்கு அடுத்த காட்டிலிருந்து புழு வந்துவிடும். கோடை உழவின் கதை இன்னும் மோசம். குத்தகைக்கோ வாரத்துக்கோ நிலம் பிடிப்பவருக்கு, ஆடியில் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்பது சித்திரையில் தெரியாது. யாரோ விதைக்கப்போகும் நிலத்தில் டீசல் செலவழித்து உழ அவருக்குப் பைத்தியமா?

இவ்வளவையும் செய்து நல்ல காய் எடுத்தவருக்குச் சந்தை என்ன தருகிறது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மாதிரிக்குக் கொஞ்சம் காயை எடுத்து உடைத்து, பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்த்து விலை வைப்பார்கள். பொக்கு குறைந்தால் அங்கே கொஞ்சம் பலன் தெரியும். ஊருக்குள் வந்து எடுக்கும் வியாபாரியிடம் அதுவும் இல்லை; மொத்தமாக ஒரு விலை. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் விசித்திரம். கல்லீரலைப் பாதிக்கும் இந்த நஞ்சு, 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனம் தின்ற வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது வெளிச்சத்துக்கு வந்தது. காய் முற்றும் தறுவாயில் வறட்சி, அறுவடைக்குப் பின் சரியாகக் காயாத காய், ஈரமான கிடங்கு ஆகியவை அதற்கு இடம்கொடுக்கும். காயை ஈரப்பதம் 8, 9 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்கச் சொல்கிறார்கள். காயக் காய எடை குறையும். நஞ்சு இல்லாத காய்க்கென்று கூடுதல் விலை வயலடியில் யாரும் தருவதில்லை. ஈரத்தோடு இன்றே விற்றால் எடையும் உண்டு, கடன்காரருக்கு வட்டியும் நிற்கும். போதாக்குறைக்கு, பருப்பு உடையாமல் இருக்க இயந்திரத்தில் போடும் முன் காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உடைப்பு ஆலைகளில் உண்டு. விவசாயி வெயிலில் பாடுபட்டு இறக்கிய ஈரம் அங்கே சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது.

விலையும் அவர் கையில் இல்லை. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 20 சதவீதமாக உயர்த்தியது. 2025 மே இறுதியில், ஆடிப்பட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு, அதை 10 சதவீதமாகக் குறைத்தது. நகரத்துச் சமையலறைக்கு இது ஆறுதல்தான். ஆனால் இருக்கும் காசையெல்லாம் விதையில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அது வேறு சேதி சொல்லியிருக்கும்.

நான் சொல்வதற்கு எதிர்வாதங்கள் உண்டு. சிறு விவசாயி இயல்பாகவே புதுமைக்கு அஞ்சுபவர் என்பது அவற்றில் மிகப் பழையது, மிகப் பலவீனமானதும்கூட. கடலையே நம் மண்ணின் பயிர் அன்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எண்ணெய் ஆலைகள் வாங்கத் தொடங்கி, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகக் கடலை ஏறியபோது, தென்னார்க்காட்டு விவசாயிகள் அந்த அயல் பயிரைத் தங்கள் புன்செயில் பரப்பிக்கொள்ள எந்த முகாமுக்கும் காத்திருக்கவில்லை. மகாராஷ்டிரத்து ஜல்கானில் உருவான ஜேஎல் 24 ரகம் மாநில எல்லை தாண்டிப் பரவியது குறுகிய காலத்தில் விளைந்ததால். டிராக்டரும் களைக்கொல்லியும் எவ்வளவு வேகமாக ஊருக்குள் வந்தன என்று பாருங்கள். செலவையோ ஆள் தேவையையோ குறைக்கும் புதுமை தானாகவே பரவுகிறது. இரண்டையும் கூட்டும் புதுமைதான் வாசலில் நிற்கிறது.

செயல்விளக்கத் திடல்களில் விளைச்சல் கூடுவதைக் கண்ணால் காண்கிறோமே என்ற வாதம் இதைவிட வலுவானது. விளைச்சல் கூடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் திடலில் விதையும் ஜிப்சமும் பெரும்பாலும் துறை கொடுத்தவை, உரிய நாளில் வந்தவை, அதிகாரி அடிக்கடி வந்து பார்ப்பவை. அங்கே சோதிக்கப்படுவது உத்தியின் திறன். விவசாயி சொந்தக் கடனில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பது சோதிக்கப்படுவதில்லை. சராசரிக் கணக்கு அவருக்குப் போதவும் போதாது. ஐந்து பருவத்தில் நான்கில் லாபம் தரும் முறை, சராசரியில் நல்ல முறைதான். கையில் இருப்பு உள்ளவர் அந்த ஐந்தாவது பருவத்தைத் தாண்டிவிடுவார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. அந்த அளவு நிலமுள்ளவர் பொய்த்த பருவத்தில் நகையை அடகு வைப்பார், மாட்டை விற்பார். குறைவாகப் போட்டு, குறைவாக எடுத்து, குறைவாக இழப்பது அவர் கணக்கில் புத்திசாலித்தனம். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரீஃப் எண்ணெய்வித்துக்கு விவசாயி செலுத்த வேண்டியது காப்புத் தொகையில் 2 சதவீதம்தான். அது குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மகசூல் இழப்பு பிர்கா போன்ற ஒரு பகுதியின் சராசரியில் கணிக்கப்படுவதால், பிர்காவில் மழை பெய்து அவர் வயலில் பெய்யாத ஆண்டு அவருக்கு ஒன்றும் கிடைக்காது. குத்தகைதாரரோ அடங்கலுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் வாசலில் நிற்க வேண்டும். நில உடைமையாளர் வேண்டாமென்றால் அதுவும் இல்லை.

அரசு பணம் ஒதுக்காமல் இல்லை. 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற எண்ணெய்வித்துக்கான தேசிய சமையல் எண்ணெய் இயக்கத்துக்கு 2030-31 வரை 10,103 கோடி ரூபாய். நாட்டின் எண்ணெய்வித்து உற்பத்தியை 39 மில்லியன் டன்னிலிருந்து 69.7 மில்லியன் டன்னாக்குவது குறிக்கோள். சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இந்த வேகம் தேவைதான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பங்கை விவசாயியின் இழப்பைப் பகிர்ந்துகொள்ளச் செலவிட்டால் போதும் என்பதே என் வாதம். அதற்கு முதல் இடம் விதை. மார்கழிப் பட்டத்தில் பாசனத்தில் கடலை போடும் விவசாயிகளோடு ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, புது ரக ஆதார விதையைக் கொடுத்துப் பெருக்கி, ஆடிக்கு முன் ஊரிலேயே விதைக்கடனாகத் தர வேண்டும். அறுவடையில் காயாகவே திருப்பி வாங்கலாம். பிர்கா வறட்சியென்று அறிவிக்கப்பட்டால் தவணை அடுத்த பருவத்துக்குப் போக வேண்டும். மலாவி நாட்டில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதே பயிரில் விதைச் சுழல்நிதி ஒன்றை நடத்தி, வளர்ப்பவர்களிடம் விதையைத் திரும்ப வாங்கி விற்ற பணத்தில் மேலும் விதையைப் பெருக்கியிருக்கிறது. கடன் திரும்பாது, தள்ளுபடி அரசியல் அதையும் தின்றுவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இன்று வியாபாரி இதே கடனைக் கொடுத்து வசூலித்துக்கொண்டுதானே இருக்கிறார்? விளைச்சலை வாங்குபவரும் அவரே என்பதால் அவருக்கு அது முடிகிறது. சங்கமும் காயைக் கொள்முதல் செய்தால், உலர்களத்தில் காயவைத்துத் தரத்துக்கேற்ற விலை கொடுத்தால், அதற்கும் முடியும்.

ஜிப்சம் விதையோடு சேர்ந்தே ஊருக்கு வர வேண்டும். 40ஆம் நாள் மானிய விண்ணப்பம் எழுதும் ஏற்பாடு வேண்டாம். நிலம் யாருடையது என்று பார்க்காமல் விதைப்பவர் யார் என்று பார்த்து மானியம் தர வேண்டும். குத்தகைதாரரை உறுதிசெய்யும் பொறுப்பை ஊராட்சியிடம் விடலாம். முகாம்களை நிறுத்தச் சொல்லவில்லை. கம்பளிப்புழுவுக்கு ஊரைக் கூட்ட அவை வேண்டும். அழைப்பு பெண்களுக்கும் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் கடலைப் பரப்பு மூன்று பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. எத்தனை முகாம் நடந்தது, எத்தனை திடல் போடப்பட்டது என்று கணக்குக் காட்டும் வேளாண்மைத் துறை, அடுத்த ஆடிப்பட்டத்திலிருந்து வட்டாரவாரியாக வேறு சில விவரங்களையும் வெளியிடட்டும்: எந்த ரகத்தில் எத்தனை கிலோ சான்று விதை வந்தது, விதைப்புக்கு எத்தனை நாள் முன்னால் வந்தது, அதில் குத்தகை விவசாயிகளுக்கு எவ்வளவு போனது.